மனிதர் எவரும் படிக்கும் முன்பே நிராகரிக்கப்பட்ட விண்ணப்பம்: காரணம் கேட்க உரிமை உண்டா?

கேள்வி: எனக்கு 51 வயது. கணக்கியல் துறையில் 22 ஆண்டு அனுபவம் உண்டு. தாயாரின் நோய் காரணமாக மூன்று ஆண்டுகள் வேலையை விட்டிருந்தேன். கடந்த எட்டு மாதங்களில் 70-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு இணையவழி விண்ணப்பித்தேன். பெரும்பாலானவை கிணற்றில் போட்ட கல்லாகிவிட்டன. ஒரு நிறுவனத்துக்கு இரவு 1.52 மணிக்கு விண்ணப்பம் அனுப்பினேன், 2.03 மணிக்கு, ‘தங்கள் தகுதிகளைக் கவனமாகப் பரிசீலித்தோம், வருந்துகிறோம்’ என்று பதில் வந்தது. இன்னொரு நிறுவனத்தின் நேர்காணலில் எதிரே ஆளே இல்லை. திரையில் தோன்றிய கேள்விகளுக்குக் கேமராவைப் பார்த்துப் பதில் சொன்னேன். இவை சட்டப்படி சரியா? காரணம் கேட்க முடியுமா? பிறந்த ஆண்டை மாற்றி, விளம்பரத்தில் உள்ள சொற்களை வெள்ளை எழுத்தில் மறைத்துச் சேர்த்து அனுப்பிப் பார்க்கும்படி நண்பர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா? — ஒரு வாசகி

பதில்: நள்ளிரவில் 11 நிமிடங்களில் ‘கவனமாகப் பரிசீலித்ததாக’ ஒரு மின்னஞ்சல் வந்தால், 22 ஆண்டுகள் உழைத்தவருக்கு மனம் புண்படுவது இயல்பு. உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் சட்டம் அந்தக் கோபத்துக்கு எந்த இடத்தில் கைகொடுக்கும், எந்த இடத்தில் கொடுக்காது என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். விண்ணப்பங்களை வடிகட்ட மென்பொருளைப் பயன்படுத்துவது மட்டுமே சட்டமீறல் ஆகிவிடாது. அந்த மென்பொருள் எந்த அளவுகோலைக் கொண்டு வடிகட்டியது என்பதும், முடிவை மறு ஆய்வு செய்ய மனிதர் ஒருவர் இருந்தாரா என்பதும்தான் வழக்கின் உயிர். நீங்கள் எந்த நாட்டில் விண்ணப்பித்தீர்கள் என்பது கடிதத்தில் இல்லை. பொதுவாக, வேலை நடைபெற இருந்த இடத்தின் சட்டமும் நிறுவனம் இயங்கும் இடத்தின் சட்டமுமே முதலில் பார்க்கப்படும்.

வடிகட்டல் பெரும்பாலும் நாம் கற்பனை செய்வதைவிட எளிமையான விதிகளால் நடக்கிறது. ‘ஆறு மாதத்துக்கு மேல் வேலையில் இடைவெளி இருந்தால் நீக்கு’ என்ற ஒரே ஒரு விதி உங்கள் 22 ஆண்டுகளையும் ஓரம் தள்ளிவிடக்கூடும். 2021-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியும் அக்சென்ச்சர் நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழப் பாதி நிறுவனங்கள் இத்தகைய இடைவெளி உள்ளவர்களை வடிகட்டிவிடுவதாகத் தெரியவந்தது. இடைவெளியைக் காரணம் காட்டி மறுப்பதைப் பெரும்பாலான சட்டங்கள் நேரடியாகத் தடை செய்வதில்லை. எனினும், நோயுற்ற பெற்றோரையும் குழந்தைகளையும் கவனிக்க வேலையை விடுபவர்களில் பெண்களே மிகுதி என்பதால், அந்த விதி பெண்களை அதிக அளவில் பாதிக்கிறது என்று காட்ட முடிந்தால், பல நாடுகளில் மறைமுகப் பாகுபாடு என்ற வாதத்தை எழுப்பலாம். இது எளிதில் வெல்லக்கூடிய வாதம் அன்று. எண்ணிக்கைச் சான்று இல்லாமல் நீதிமன்றம் அசையாது.

வயது பற்றிய வாதம் இதைவிட வலுவானது. அமெரிக்காவில் ஐடியூட்டர்குரூப் என்ற இணையவழிக் கற்பித்தல் நிறுவனத்தின் மென்பொருள், 55 வயதைத் தொட்ட பெண்களையும் 60 வயதைத் தொட்ட ஆண்களையும் தானாகவே நிராகரிக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது என்று சம வேலைவாய்ப்பு ஆணையம் வழக்குத் தொடுத்தது. ஒரே விண்ணப்பத்தைப் பிறந்த தேதியை மட்டும் மாற்றி இரண்டாவது முறை அனுப்பிய ஒருவருக்கு நேர்காணல் அழைப்பு வந்தது என்பது அந்த வழக்கின் முக்கியமான செய்தி. 2023-இல் அந்நிறுவனம் 3,65,000 டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொண்டது.

உங்கள் நள்ளிரவு மின்னஞ்சலை நினைவூட்டும் இன்னொரு வழக்கும் உண்டு. விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருளை நிறுவனங்களுக்குத் தரும் வர்க்டே நிறுவனத்தை எதிர்த்து மோப்லி என்பவர் கலிபோர்னியாவில் 2023-இல் தொடுத்த வழக்கில், நள்ளிரவு கடந்து அனுப்பிய விண்ணப்பம் ஒன்றுக்கு ஒரு மணி நேரத்துக்குள், 1.50 மணிக்கு மறுப்பு வந்ததை அவர் சுட்டிக்காட்டினார். வேலை தரும் நிறுவனங்களின் முகவர் என்ற முறையில் மென்பொருள் நிறுவனமே பொறுப்பாகலாம் என்ற வாதத்தை நீதிமன்றம் 2024 ஜூலையில் ஏற்று, வழக்கைத் தொடர அனுமதித்தது. 40 வயதும் அதற்கு மேலும் உள்ள விண்ணப்பதாரர்களின் கூட்டு வழக்காக நடத்த 2025 மே மாதத்தில் முதற்கட்ட ஒப்புதல் தந்தது. இவை இடைநிலை உத்தரவுகளே. நிறுவனம் தவறு செய்தது என்ற தீர்ப்பு அல்ல. விரைவாக வந்த மறுப்பு இயந்திரம் முடிவெடுத்ததைக் காட்டலாம். வயதால் முடிவெடுத்தது என்பதை அது மட்டும் நிறுவாது.

காரணம் கேட்கும் உரிமை ஐரோப்பிய ஒன்றியத்தில்தான் நன்கு வேரூன்றியிருக்கிறது. அங்குள்ள தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 22-ஆம் பிரிவு, ஒருவரைக் கணிசமாகப் பாதிக்கும் முடிவை முழுக்க முழுக்க இயந்திரமே எடுப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. ஒப்பந்தத்துக்குத் தேவை, வெளிப்படையான சம்மதம் போன்ற விதிவிலக்குகளின் கீழ் நிறுவனம் அதைச் செய்தாலும், மனிதர் ஒருவரின் தலையீட்டைக் கோரவும் முடிவை எதிர்க்கவும் பெரும்பாலும் உங்களுக்கு உரிமை உண்டு. ‘இயந்திரம் மதிப்பெண் மட்டுமே தந்தது, முடிவெடுத்தவர் மனிதர்’ என்பது நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். கடன் மதிப்பெண் தொடர்பான ஷூஃபா வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2023 டிசம்பர் 7 அன்று அளித்த தீர்ப்பு அந்தப் பதிலைப் பெருமளவு வலுவிழக்கச் செய்துவிட்டது: மதிப்பெண்ணையே பெரிதும் சார்ந்து மற்றவர் முடிவெடுத்தால், மதிப்பெண் இடுவதே தானியங்கி முடிவாகும். அதே ஒழுங்குமுறையின் 15-ஆம் பிரிவின்படி உங்கள் தரவின் நகலையும் முடிவின் பின்னுள்ள தர்க்கத்தையும் கேட்கலாம். பொதுவாக ஒரு மாதத்துக்குள் அவர்கள் பதில் தர வேண்டும்.

ஆளில்லா நேர்காணலைப் பொறுத்தவரை, முகபாவத்தைக் கொண்டு பணியிடத்தில் ஒருவரின் உணர்ச்சியை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவை ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி 2 முதல், மருத்துவ மற்றும் பாதுகாப்புக் காரணங்கள் தவிர, தடை செய்துள்ளது. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில், காணொளியைச் செயற்கை நுண்ணறிவு ஆராயும் என்றால் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். நீங்கள் கேட்டால் 30 நாட்களில் காணொளியை அழிக்க வேண்டும். ஆனால் அழிக்கச் சொல்ல அவசரப்படாதீர்கள். அதுவே உங்கள் சான்றாகவும் அமையலாம்.

நியூயார்க் நகரில் விண்ணப்பதாரர்களை மதிப்பிடும் தானியங்கிக் கருவிக்கு ஆண்டுதோறும் பாகுபாட்டுத் தணிக்கையும், விண்ணப்பதாரருக்கு 10 வேலை நாட்கள் முன்னதாக அறிவிப்பும் கட்டாயம். அந்தத் தணிக்கை பாலினத்தையும் இனத்தையுமே பார்க்கிறது, வயதைப் பார்ப்பதில்லை. இந்தியாவில் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் தரவைப் பற்றிய விவரம் கேட்கவும் திருத்தக் கோரவும் வழி தருகிறது. தானியங்கி முடிவை மறுக்கும் தனி உரிமையை அது தரவில்லை. அதன் பிரிவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வருவதால், மனு அனுப்பும் நாளில் எவை நடப்பில் உள்ளன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நண்பரின் யோசனையைத் தயவுசெய்து ஏற்காதீர்கள். பிறந்த ஆண்டை மாற்றுவது பொய்த் தகவல்; வேலை கிடைத்த பின் தெரியவந்தால் அதுவே பணிநீக்கத்துக்குக் காரணமாகும். வயதுப் பாகுபாட்டு வழக்கு ஒன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னபடி, பணிநீக்கத்துக்குப் போதுமான தவறு தொழிலாளியின் பக்கம் பின்னர் வெளிப்பட்டால், மீண்டும் வேலையும் எதிர்கால ஊதிய இழப்பீடும் பொதுவாகக் கிடைக்காது. முதலில் சொன்ன வழக்கில் இரண்டு தேதிகளில் விண்ணப்பித்தவருக்கு அது உதவியதே என்று நீங்கள் கேட்கலாம். அத்தகைய சோதனையைச் செய்வதானால், வழக்கறிஞரின் வழிகாட்டுதலோடு மட்டுமே செய்ய வேண்டும். வெள்ளை எழுத்துத் தந்திரமும் நிலைக்காது: மென்பொருள் உங்கள் கோப்பை வெற்று உரையாக மாற்றும்போது, மறைத்த சொற்கள் எல்லாம் கறுப்பு எழுத்தில் தேர்வாளரின் திரையில் வந்து நிற்கும்.

மாறாக, நீங்கள் நேர்மையாகச் செய்யக்கூடியவை உண்டு. படிவம் கட்டாயப்படுத்தாத இடத்தில் பிறந்த ஆண்டையோ பட்டம் பெற்ற ஆண்டையோ தர வேண்டியதில்லை. இடைவெளியை ‘குடும்பப் பராமரிப்பு’ என்று தேதிகளுடன் ஒரு பதவியைப் போலவே குறிப்பிடலாம். உங்களுக்கு உண்மையாகத் தெரிந்த வேலையை விளம்பரம் எந்தச் சொல்லால் குறிக்கிறதோ, அதே சொல்லால் எழுதலாம்.

இப்போதே சான்றுகளைத் திரட்டுங்கள். அந்த 1.52 மணி ஒப்புகையையும் 2.03 மணி மறுப்பையும் நேர முத்திரை தெரியும்படி சேமியுங்கள். விளம்பரம் இணையத்திலிருந்து நீக்கப்படும் முன் படமெடுத்துக்கொள்ளுங்கள். பட்டம் பெற்ற ஆண்டைக் கேட்டுக் கட்டாயக் குறியிட்ட கட்டம் படிவத்தில் இருந்திருந்தால் அதையும் படமெடுங்கள். பிறகு அந்த நிறுவனத்துக்கு இவ்வாறு எழுதுங்கள்: “எனது விண்ணப்பம் தொடர்பாகத் தங்களிடமும், தங்கள் சார்பில் செயல்படும் மென்பொருள் நிறுவனத்திடமும் உள்ள என் தரவுகளின் நகலையும், எனக்கு இடப்பட்ட மதிப்பெண் அல்லது தரவரிசையையும், நிராகரிப்புக்கு அடிப்படையான அளவுகோல்களையும் தெரிவிக்கக் கோருகிறேன். இம்முடிவைத் தகுதியுள்ள அலுவலர் ஒருவர் மறு ஆய்வு செய்ய வேண்டும் என்றும், இவ்விவரங்களை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும் என்றும் வேண்டுகிறேன்.” சட்டக் கடமை இல்லாத நாட்டிலும் இக்கடிதத்துக்குப் பயன் உண்டு, பதில் வராததும் ஒரு பதிவே.

பதிலுக்காகக் காத்திருந்து கெடுவைத் தவறவிட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் புகார் செய்ய, பாகுபாடு நடந்த நாளிலிருந்து 180 நாட்கள், பெரும்பாலான மாநிலங்களில் 300 நாட்கள்தான் அவகாசம். வேறு பல நாடுகளில் அது இன்னும் குறுகியது. எட்டு மாதங்களாக விண்ணப்பித்து வரும் உங்களுக்கு, முதலில் வந்த மறுப்புகள் சிலவற்றுக்குக் காலவரம்பு ஏற்கெனவே முடிந்திருக்கக்கூடும். ஆகவே மின்னஞ்சல்களைத் தேதிவாரியாக அடுக்கி, அண்மையில் வந்த மறுப்பிலிருந்து தொடங்குங்கள். உள்ளூரில் தொழிலாளர் சட்டம் அறிந்த வழக்கறிஞரைச் சந்திக்கும்போது அந்த அடுக்கையே முதலில் அவர் கையில் கொடுங்கள்.