கொரோனா வார்டில் வேலை செய்தபோது தொடங்கிய, நிறுத்த முடியாமல் சாப்பிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. இது நோயா, என் கட்டுப்பாடின்மையா?

கல்முனைப் பக்கம் தாதியாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். டியூட்டி முடிந்து அறைக்கு வந்தால் கை நிற்பதில்லை, வீட்டில் "வாயைக் கட்டு" என்கிறார்கள் என்றும். நானும் தாதிதான், மட்டக்களப்பு. வாயைக் கட்டப் போய்த்தான் எனக்கு இது முற்றியது.

2021 ஆகஸ்ட் 20 இரவு தனிமைப்படுத்தல் ஊரடங்கு போட்டார்களே, அந்த நாட்கள். காலை ஏழு மணிக்குப் பாதுகாப்பு உடையைப் போட்டால் ஒரு மணி வரை கழற்ற வழியில்லை. சிறுநீர் முட்டுமே என்ற பயத்தில் காலையில் தேத்தண்ணிகூடக் குடிப்பதில்லை. ஆளை மாற்றிவிட்டு, குளித்து, குவாட்டர்ஸ் அறைக் கதவைச் சாத்தும்போது மூன்று மணி. முதலில் என் சோற்றுப் பார்சல். அப்புறம் பின்னேர டியூட்டிக்குப் போன பக்கத்துக் கட்டில் மிஸ்ஸின் பார்சல். அப்புறம் லெமன் பஃப் ஒரு பெட்டி. ருசி எதுவும் தெரியாது. ருசி தெரியாவிட்டால் கொரோனா என்று பயப்படும் காலம் அது. எனக்கோ பிசிஆர் நெகட்டிவ்!

பிஸ்கட் பேப்பரை அழுக்கு உடுப்புக்குள் சுருட்டி மறைக்கலாம். தயிர்ச் சட்டியை என்ன செய்வது? எங்கள் பக்கத்து எருமைத் தயிர் உங்களுக்குத் தெரியாததல்ல. ஊரடங்கிலும் யாராவது தெரிந்தவர் கேட்டில் கொடுத்துவிட்டுப் போவார். ஒரு சட்டியைச் சீனி போட்டு நின்ற நிலையில் முடித்துவிட்டு, சத்தம் வராமல் கழுவிக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவேன். ஒக்டோபரில் ஊரடங்கு எடுபட்டதும் அம்மா அறையைக் கூட்ட வந்து ஒன்பது சட்டியை வெளியே எடுத்தார். "இதெல்லாம் ஆர் மனே திண்ட?" என்றார். வார்டுப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டது என்று பொய் சொன்னேன்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இதற்குப் பெயர் இருக்கிறது: பிஞ்ச் ஈட்டிங் டிஸோடர். அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம் கையேட்டில் 2013இல் இது தனி நோயாகவே சேர்க்கப்பட்டது. கலியாண வீட்டில் இரண்டு தட்டு புரியாணி சாப்பிடுவது இதில் அடங்காது. குறுகிய நேரத்தில் மற்றவர்கள் சாப்பிடுவதைவிட மிக அதிகமாக, "இனி என்னால் நிறுத்த ஏலாது" என்ற உணர்வோடு சாப்பிடுவது. பசியில்லாமலும், வேகமாகவும், வெட்கத்தில் தனியாகவும் சாப்பிட்டு, பிறகு தன்மேலேயே அருவருப்புப்படுவது. கிழமைக்கு ஒரு தடவையாவது, மூன்று மாதம் இப்படி நடந்தால் வைத்தியரிடம் போக வேண்டும். சாப்பிட்டதை வாந்தி எடுத்து வெளியேற்றும் பழக்கமும் இருந்தால் அது வேறு நோய், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நமக்கு ஏன் வந்தது? நித்திரை குறைந்தால் பசியைத் தூண்டும் ஹோர்மோன் கூடும், போதும் என்று சொல்கிற ஹோர்மோன் குறையும். அதோடு நாள் முழுக்கப் பட்டினி. அதோடு வார்டு. ஒரு வாப்பா மூச்சுக்குத் தவிக்க, அவர் மகள் பார்ப்பதற்காக இரண்டு கையுறை போட்ட கையால் போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவர் மௌத்தாகி, கொரோனாவில் இறந்தவர்களை அடக்கம் செய்த ஓட்டமாவடிக்குக் கொண்டுபோனார்கள். அன்று அறைக்கு வந்து அழுவேன் என்று நினைத்தேன். மூன்று மாலு பாண் சாப்பிட்டேன்.

58 கிலோ 71 ஆனது. "மிஸ் நல்லா உடம்பு வச்சிட்டீங்க" என்று நோயாளிகளே சொன்னார்கள். வெட்கத்தில் காலைச் சாப்பாட்டை விட்டேன், பிறகு மதியச் சோற்றை. பின்னேரமானால் இரண்டு மடங்காக வந்து சேரும். இதுதான் அந்தப் பொறி.

சொந்த ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று பஸ் ஏறி வேறு ஊர் மனநலக் கிளினிக்குக்குப் போனேன். நீங்களும் அப்படிப் போகலாம், அதில் ஒரு குறையும் இல்லை. டொக்டர் எடையைப் பற்றிக் கேட்கவே இல்லை. "காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க?" என்றுதான் கேட்டார். எனக்குப் பதில் இல்லை. மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் சிறிதாக ஏதாவது, நாலு மணித்தியாலத்துக்கு மேல் வெறும் வயிறு கூடாது என்றார். ஒரு சிஆர் கொப்பியில் நேரம், சாப்பிட்டது, அப்போது மனதில் ஓடியது, மூன்றையும் எழுதச் சொன்னார். இந்த நோய்க்கு அதிகம் பயன்படும் சிகிச்சை சிபிடி எனப்படும் பேச்சுச் சிகிச்சை. அதன் தொடக்கமே இந்தக் கொப்பிதான். எழுத எரிச்சலாக இருக்கும். எழுதுங்கள்.

கிளினிக் நாள் வரும்வரை தாங்காது என்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற போன் நம்பருக்கு எடுத்துக் கதையுங்கள். சாக வேண்டும் போல எண்ணம் வந்தால் கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அன்றே போங்கள்.

எனக்கு முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். போன மாதம் ஒரு நைட் முடிந்து வந்து ஒரு சட்டித் தயிரை முடித்தேன். அம்மாவிடம் சொன்னேன். அடுத்த நாள் காலைச் சாப்பாட்டை விடவில்லை. ஏழரைக்கு வழமைபோல் நாலு இடியப்பமும் சொதியும்.