பாட்டு மாத்தின செட்டா, மாத்தாத செட்டா? அப்பாவுக்கு எதை வாங்கறது?

கோயமுத்தூர்லருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க:

"சார், எங்கப்பா 1979லருந்து 81 வரைக்கும் அமெரிக்காவுல சின்சினாட்டில எம்.எஸ். படிச்சவருங்க. அப்ப அங்க டிவில பாத்த 'டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி' காமெடி சீரியலப் பத்தி இன்னைக்கும் பேசுவாரு. வர்ற பீமரத சாந்திக்கு அதோட டிவிடி செட் வாங்கிக் குடுக்கலாம்னு தேடினா, சீசன் 1 மட்டும் ஒரு இடத்துல மலிவா இருக்கு, நாலு சீசனும் சேந்த செட் ஒண்ணு நல்ல விலை சொல்றாங்க, இன்னொருத்தர் 'ஒரிஜினல் பாட்டு, கட்டே இல்லாதது, நாலு சீசனும்'னு அதுல பாதி விலைக்குத் தர்றேங்கறாரு. ரசிகருங்க வேற பாட்டெல்லாம் மாத்திட்டாங்கன்னு சண்ட போட்டுட்டு இருக்காங்க. அது அவ்ளோ பெரிய விஷயமாங்க? எதை வாங்கறதுன்னு சொல்லுங்க."

பாதி விலைக்காரருக்கு பணம் அனுப்பிடாதீங்கம்மா, ஏன்னு கீழ சொல்றேன். நீங்க வாங்க வேண்டியது 2014ல ஷௌட் ஃபேக்டரி கம்பெனி போட்ட முழு செட்டுதான், விலை சுளீர்னு இருந்தாலும் அதுதான். அதுலயும் எல்லாப் பாட்டும் திரும்ப வந்துடலை, பெரும்பகுதி வந்திருக்கு, அவ்ளோதான். அப்பாகிட்ட குடுக்கும்போதே இதைச் சொல்லிடுங்க, இல்லன்னா அவர் ஒரு சீன்ல காத்துட்டே இருப்பாரு, பாட்டு வராது, மனசு ஒரு மாதிரி ஆயிடும்.

அவ்ளோ பெரிய விஷயமான்னு கேட்டீங்க. மத்த காமெடி சீரியல்னா நானே "பரவால்ல வாங்குங்க"ன்னு சொல்லியிருப்பேன். ஆனா இது நடக்கறதே ஒரு ரேடியோ ஸ்டேஷனுக்குள்ள. ஓடாத ஸ்டேஷன ராக் பாட்டுக்கு மாத்தறாங்க, ஜானி ஃபீவர், வீனஸ் ஃப்ளைட்ராப்னு ரெண்டு டிஸ்க் ஜாக்கி, அவங்க என்ன ரெக்கார்ட எடுத்து வைக்கறாங்கங்கறதுலதான் அந்த கேரக்டரே இருக்கு. 1978லருந்து 82 வரைக்கும் சிபிஎஸ் சேனல்ல ஓடினப்ப, சீரியல உருவாக்கின ஹ்யூ வில்சன் டீம் அந்தந்த வாரம் ஜனங்க நெஜமா கேட்டுட்டு இருந்த பாட்டயே போட்டாங்க. பிளாண்டி குழுவோட 'ஹார்ட் ஆஃப் கிளாஸ்' அமெரிக்காவுல ஹிட் ஆனதுக்கு இந்த சீரியலுக்கும் பங்கு உண்டுன்னு சொல்லுவாங்க. உங்கப்பா அந்த ஊர்லயே ரூம்ல உக்காந்து பாத்தவரு, அவர் காதுல அந்தப் பாட்டெல்லாம் இன்னும் இருக்கும்.

அப்புறம் ஏன் மாத்தினாங்க? சுருக்கமா சொல்றேன். ஒரு பாட்ட டிவில போடணும்னா ரெண்டு பேர்கிட்ட கேக்கணும், பாட்டோட உரிமை வச்சிருக்கறவங்க ஒருத்தர், அந்த ரெக்கார்டிங்கோட உரிமை வச்சிருக்கற கம்பெனி இன்னொருத்தர். 1978ல போட்ட ஒப்பந்தம் டிவில காட்டறதுக்கு, அதுவும் கொஞ்ச வருஷத்துக்குத்தான். வீட்டுல டிஸ்க் வாங்கி வச்சு பாப்பாங்கன்னு அன்னைக்கு யாரு கணக்குப் போட்டா? இன்னொண்ணு, அந்தக் காலத்துல ஃபிலிம்ல எடுத்தா பாட்டுக்கு ஒரு ரேட்டு, வீடியோ டேப்ல எடுத்தா கம்மி ரேட்டு, அதனாலயே இந்த சீரியல டேப்ல எடுத்தாங்க. ஒப்பந்தக் காலம் முடிஞ்ச உடனே மறு ஒளிபரப்புலயே பாட்ட உருவிட்டு பேரில்லாத ஸ்டூடியோ மியூசிக்க ஒட்ட ஆரம்பிச்சுட்டாங்க. மறுபடி உரிமை வாங்கணும்னா ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியா போகணும், ஒவ்வொருத்தரும் இன்னைக்கு விலை கேப்பாங்க. ஒரு சீன்ல அரை நிமிஷம் பின்னால ஓடின பாட்டுக்கு நாப்பது வருஷம் கழிச்சு புதுசா பேரம் பேசணும்னா இது என்ன ஏற்பாடுங்க? பாடினவருக்கும் எழுதினவருக்கும் காசு போகணும், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா பேரம் படியலன்னா அவங்களுக்கும் காசில்ல, பாக்கறவனுக்கும் பாட்டில்ல, நடுவுல வக்கீல் ஃபீஸ் மட்டும் போயிட்டே இருக்கு. இதை ஒழுங்கு பண்ண யாருக்கும் அக்கறை இல்லங்கறதுதான் எனக்குத் தாங்க முடியாத கோவம்.

மாத்தினதுல ஒரு கொடுமை பாருங்க. பேச்சும் பாட்டும் ஒண்ணா கலந்து கெடக்கற சீன்ல பாட்ட மட்டும் தனியா எடுக்க முடியல, அதனால அந்த நடிகர் மாதிரியே பேசற வேற ஆள வச்சு சில வசனத்த டப்பிங் பண்ணியிருக்காங்க. ஸ்டேஷன் ரிசப்ஷனிஸ்ட் ஜெனிஃபர் வீட்டு காலிங் பெல் ஞாபகம் இருக்கான்னு அப்பாவ கேட்டுப் பாருங்க. அது 'ஃப்ளை மீ டு தி மூன்' மெட்டுல அடிக்கும், அதுவே ஒரு ஜோக்கு. பிற்பாடு வந்த பிரிண்ட்ல பெல் வேற மெட்டு, 'பியூட்டிஃபுல் ட்ரீமர்'ங்கற உரிமைப் பிரச்சன இல்லாத பழைய பாட்டு. கல்யாண வீடியோல நாதஸ்வரத்த எடுத்துட்டு கீபோர்டு டியூன் போட்டு குடுத்தா கல்யாணம் பண்ணிக்கிட்டவங்களுக்கு எப்படி இருக்கும், ரசிகருங்க கத்தறது அதுக்குத்தான்.

2007ல ஃபாக்ஸ் கம்பெனி சீசன் 1ஐ மட்டும் டிவிடியா போட்டாங்க. நீங்க மலிவா பாத்தது அதாத்தான் இருக்கும். அதுல ஏகப்பட்ட பாட்டு மாறியிருக்கு, பாட்டோட சேத்து சில இடத்துல சீனையே வெட்டிட்டாங்க. ரசிகருங்க எபிசோடு எபிசோடா உக்காந்து எந்த நிமிஷத்துல என்ன பாட்டு இருந்துச்சு, இப்ப என்ன இருக்குன்னு பட்டியல் போட்டாங்க, நெறைய பேர் வாங்கவே மாட்டோம்னுட்டாங்க. ஃபாக்ஸ்லருந்து ரெண்டாவது சீசன் வரவே இல்ல. இதுல ரசிகருங்களுக்குள்ளயே ரெண்டு கட்சி. வாங்காம விட்டதாலதான் மத்த சீசன் வராம போச்சுன்னு ஒரு கட்சி, அரைகுறைய வாங்கிப் பழக்கிட்டா கம்பெனிக்காரன் அதுக்கப்புறம் முழுசா எதையுமே தர மாட்டான்னு இன்னொரு கட்சி. நான் ரெண்டாவது கட்சிதான். அன்னைக்கு சத்தம் போட்டதாலதான் ஏழு வருஷம் கழிச்சு இன்னொரு கம்பெனி பாட்டு பாட்டா போய் கேட்டு வாங்கிப் போட்டுது. அதே 2014ல 'தி வொண்டர் இயர்ஸ்' சீரியல் டிவிடியா வந்தப்பவும் ஜோ காக்கர் பாடின டைட்டில் பாட்டோட வந்துச்சு, அதுக்காகத்தான் அவ்ளோ வருஷம் காத்துக் கெடந்தாங்க. மாறா 'மேரீட் வித் சில்ட்ரன்' சீரியல் டிவிடில மூணாவது சீசன்லருந்து பாடகர் சினாட்ராவோட டைட்டில் பாட்டே கெடையாது. டைட்டில் பாட்டே போனா அப்புறம் என்ன இருக்கு சொல்லுங்க.

சரி, அந்த 2007 செட்ட வாங்கலாம்ங்கற ஒரே ஒரு சந்தர்ப்பத்தயும் சொல்லிடறேன், ஏன்னா இதைத்தான் எல்லாரும் கேக்கறாங்க. தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு ஹெலிகாப்டர்லருந்து வான்கோழிய கீழ போடற எபிசோடு. அமெரிக்காவுல அந்த சீரியல் பேரே மறந்தவங்களுக்கும் அந்த எபிசோடு ஞாபகம் இருக்கும், 1978 அக்டோபர்ல வந்துச்சு, ரேடியோ நிருபர் லெஸ் நெஸ்மன் தரையில நின்னு நேரடி வர்ணனை குடுப்பாரு, கடைசில மேனேஜர் கார்ல்சன் கந்தலா வந்து நின்னு வான்கோழி பறக்கும்னு நெனச்சேன்பாரு. உங்கப்பாவுக்கு வேண்டியது அது ஒண்ணுதான், மத்ததெல்லாம் சும்மா ஞாபகம்தான்னா, மலிவு செட்டே போதும். ஹெலிகாப்டர் சமாச்சாரம் பூரா வாயாலயே நடக்கறது, பாட்டுக்கு அங்க வேலை இல்ல, அதனால அதுல யாரும் கை வைக்கல. ஆனா அதே எபிசோடுல முன்னாடி கார்ல்சன் ஜானியோட ரூமுக்குள்ள வந்து பிங்க் ஃப்ளாய்ட் குழுவோட 'டாக்ஸ்' பாட்டக் கேட்டுட்டு இதுல நாய் குரைக்கற சத்தம் வருதான்னு கேக்கற இடம் ஒண்ணு உண்டு, அது அந்த செட்டுல கெடையாது. அதனால மொதல்ல அப்பாவ பேச விடுங்க. வான்கோழிய மட்டும் சொல்றாரா, பாட்டையும் சொல்றாரான்னு கவனிங்க. ஒரு பாட்டு பேர் வாயில வந்துடுச்சுன்னா மலிவு செட்ட மறந்துடுங்க.

இப்ப அந்தப் பாதி விலைக்காரருக்கு வர்றேன். இவங்க விக்கறது என்னன்னா, எப்பவோ ஒரு ரசிகர், பாட்ட உருவறதுக்கு முந்தின மறு ஒளிபரப்பு ஓடினப்ப வீட்டு விசிஆர்ல பதிஞ்சு வச்ச டேப்பு, அதோட காப்பி, காப்பிக்கு காப்பி. அந்த டேப்ப பதிஞ்சு பத்திரமா வச்ச ரசிகர நான் கும்பிடுவேன், அவங்க இல்லன்னா ஒரிஜினல்ல என்ன பாட்டு இருந்துச்சுன்னே தெரியாம போயிருக்கும், அவங்க தங்களுக்குள்ள மாத்திக்கிட்டாங்க, காசு பாக்கல. அதை ஒருத்தன் எடுத்து கலர் அட்டை பிரிண்ட் போட்டு விக்கறதுதான் அநியாயம், அது சட்டப்படியும் தப்பு. 'கட்டே இல்லாதது'ங்கறதும் பொய். மறு ஒளிபரப்புல விளம்பரத்துக்கு எடம் பண்ண ஒவ்வொரு எபிசோடுலயும் கொஞ்சம் கத்தரிச்சிருப்பாங்க, அதனால பாட்டு இருக்கும், சீன் இருக்காது. படம் அலையும், சத்தம் பொரியும், டிஸ்க் வீட்டுல எழுதினது, ரெண்டு வருஷத்துல ஓடாமயும் போகலாம். என்கிட்ட இந்த மாதிரி செட்ட கொண்டு வந்து காட்டி "ஏமாந்துட்டேன் சார்"னு சொல்றவங்கள பாத்து பாத்து சலிச்சுப் போச்சு. டிஸ்க்கோட அடிப்பக்கம் ஊதாவா இருந்தா அது எழுதின டிஸ்க்னு பெரும்பாலும் வச்சுக்கலாம், கம்பெனி டிஸ்க் வெள்ளி மாதிரி இருக்கும்.

அதே மாதிரி 'எச்.டி. ரீமாஸ்டர்', '4கே'ன்னு யாராவது சொன்னா அங்கயே கிளம்பிடுங்க. 'ஸ்டார் ட்ரெக்' மாதிரி 35 மில்லிமீட்டர் ஃபிலிம்ல எடுத்ததத்தான் திரும்ப ஸ்கேன் பண்ணி எச்.டி. பண்ண முடியும், இது 1978 வீடியோ டேப்பு, டேப்புல என்ன இருக்கோ அதுதான் இருக்கும், அதுக்கு மேல சொல்றதெல்லாம் பெருசாக்கி இழுத்த படம்.

விக்கறவர்கிட்ட மூடின பொட்டியோட முன்பக்க போட்டோவ வாங்கிட்டு திருப்தி ஆயிடாதீங்க. பின்னட்டை போட்டோ, முதுகுப்பக்கம், தெறந்து வச்சு டிஸ்க்கோட ரெண்டு பக்கம், இத்தனையும் கேளுங்க. பின்னட்டைல ஷௌட் ஃபேக்டரி பேரும் 2014ம் இருக்கணும். ஷௌட் ஃபேக்டரி பேர் இல்லாம ஃபாக்ஸ் பேர் மட்டும் இருந்தா அது பழசு, 'கம்ப்ளீட்'னு தலைப்புல போட்டிருந்தாலும் பழசுதான், அந்த வார்த்தைய முதல் சீசன் அட்டைலயும் போட்டிருக்காங்க, அதை வச்சே முழு செட்டுன்னு தள்ளிவிடறவங்க இருக்காங்க. போட்டோ அனுப்ப சாக்கு சொன்னா விட்டுடுங்க, இன்னொருத்தர் கிடைப்பாரு.

வீட்டுல பிளேயர் என்னன்னு பாருங்க. இது அமெரிக்க டிஸ்க், ரீஜன் 1 (எந்த நாட்டு பிளேயர்ல ஓடும்ங்கறதுக்கான நம்பர்). நம்ம ஊருக்கு ரீஜன் 5. நம்மூர்ல விக்கற பிளேயர் நெறைய எல்லா ரீஜனும் ஓட்டும், ஆனா கம்பெனி பிளேயர்னா மாட்டிக்கலாம், ஏதாவது அமெரிக்க டிஸ்க்க போட்டு ஒரு தடவ சோதிச்சுக்கோங்க. கம்ப்யூட்டர்ல போட்டு பாக்கறதா இருந்தா டிரைவோட ரீஜன அஞ்சு தடவதான் மாத்த முடியும், அப்புறம் அப்படியே நின்னுடும், அதனால விளையாட்டுக்கு மாத்தாதீங்க. டிவில படம் அகலத்துக்கு இழுத்துட்டு எல்லாரும் குண்டா தெரிஞ்சா செட்டிங்ஸ்ல 4:3ன்னு வையுங்க, ரெண்டு பக்கமும் கருப்பா வந்தா அதுதான் சரியான படம்.

விசேஷத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடியே ஆர்டர் போட்டுடுங்க, வந்த அன்னைக்கே பொட்டிய பிரிச்சு ஒவ்வொரு டிஸ்க்கயும் போட்டு ஓட்டிப் பாருங்க, திருப்பி அனுப்பறதுக்கு நாள் கணக்கு உண்டு. பரிசாச்சே, சீல் பிரிக்கக் கூடாதேன்னு பாக்காதீங்க.