பாளையங்கோட்டையில் தெரிந்த பொற்காலம்

கேள்வி: தூர்தர்ஷனின் தமிழ்ச் சேனலுக்கு இருந்த 'பொதிகை' என்ற அழகான பெயரையும் எடுத்துவிட்டு 'டிடி தமிழ்' என்று வைத்துவிட்டார்கள். 1975-ல் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சியை, ஒளியும் ஒலியும், வயலும் வாழ்வும், ஞாயிறு மாலைப் படம் என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்த தலைமுறை நாங்கள். தனியார் சேனல்கள் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டன. அந்தப் பொற்காலம் திரும்புமா?
- வாசகர் ஒருவர், பாளையங்கோட்டை

பதில்: கேள்வியைவிட, கீழே போட்டிருக்கும் ஊர்ப்பெயர்தான் எனக்குப் பிடித்தது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது உண்மை. ஆனால் அதன் அலை அப்போது சென்னையையும் சுற்றுவட்டாரத்தையும் தாண்டவில்லை. பாளையங்கோட்டையில் எந்த ஒளியைப் பார்த்தீர்கள், எந்த ஒலியைக் கேட்டீர்கள்?

உங்கள் ஊர்ப்பக்கம் முதலில் வந்தது சென்னை இல்லை, இலங்கை. 1982-ல் ரூபவாஹினி தொடங்கியது. அதன் டிரான்ஸ்மிட்டர் 2,500 மீட்டருக்கு மேல் உயரமான பிதுருதலாகலை மலையில். அங்கிருந்து கடல் தாண்டி அலை வந்தது. மொட்டை மாடியில் இரும்புக் குழாயும் ஆன்டெனாவும், அதற்கு ஒரு பூஸ்டர். மேலே ஒரு பையன் குழாயைத் திருகிக்கொண்டே "வருதா?" என்பான். கீழிருந்து "வந்துட்டு, வந்துட்டு... ஐயோ, போச்சு!" என்று மொத்த வீடும் கத்தும். கடைசியில் புள்ளி புள்ளியாகத் தெரிவது சிங்களச் செய்தி. அதையும் முழுசாகப் பார்த்தோம்.

1984 வாக்கில் ஊருக்கு ஊர் சின்ன ரிலே நிலையங்கள் முளைத்தன. சரி, இனிமேல் தமிழ் வரும் என்று பார்த்தால், அவை இன்சாட் செயற்கைக்கோள் வழியாக டில்லி நிகழ்ச்சிகளைத்தான் வாங்கி விநியோகித்தன. சென்னை உங்கள் கூடத்துக்கு வந்தது 1987-ல் கொடைக்கானல் கோபுரம் எழுந்த பிறகு. 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி வந்துவிட்டது. கழித்துப் பாருங்கள், உங்கள் பொற்காலம் ஆறு வருஷம். அதிலும் ராத்திரி எட்டு நாற்பது ஆனால் டில்லிக்காரர்கள் திரையை வாங்கிக்கொள்வார்கள்.

தனியார் கெடுத்தார்கள் என்கிறீர்கள். வெள்ளிக்கிழமை நாலைந்து பாட்டுக்காக வாரம் முழுக்கக் காத்திருந்தோம் என்றால், அது நிகழ்ச்சியின் மகிமையா, வேறு கதி இல்லாததா? கேபிள்காரர் வயரை இழுத்துக் கொடுத்த அன்றே அந்தப் பக்கம் போனது நாம்தான். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நீங்கள் பட்டியலில் விட்டுவிட்ட ஒன்றுக்காக நான் ஏங்குவது உண்டு. எதிரொலி. நேயர்கள் எழுதும் கடிதங்களை, திட்டு உட்பட, நிலையத்தின் அதிகாரியே திரையில் உட்கார்ந்து படித்துப் பதில் சொல்வார். பல பதில்கள் மழுப்பல்தான், ஆனாலும் பதில். இன்று இத்தனை சேனல்களில் எந்த முதலாளி தன் சேனலிலேயே உட்கார்ந்து உங்கள் புகாரைப் படிக்கிறார்?

அப்புறம், பெயர். 'பொதிகை' வைத்தது 2000 ஜனவரி 15-ல். எடுத்தது 2024 ஜனவரியில். தாமிரபரணி பிறக்கும் உங்கள் மலையின் பெயர் என்பதால் வலிக்கும், புரிகிறது. எனக்கும் அந்தப் பெயர்தான் பிடிக்கும். ஆனால் அந்த 24 வருஷமும் ரிமோட்டில் அந்த எண்ணை எத்தனை பேர் அழுத்தினோம்? 2020 கடைசியில் அதில் சமஸ்கிருதச் செய்தி போடச் சொன்னபோது கிளம்பிய எதிர்ப்பு நியாயமானது. கூடவே, அப்படி ஒரு சேனல் இருப்பது பலருக்கு நினைவு வந்ததும் அன்றைக்குத்தான்.

உங்களிடம் ஒரு கேள்வி. பொதிகை என்ற பெயர் இருந்தபோது நீங்கள் கடைசியாக அதில் முழுசாகப் பார்த்த நிகழ்ச்சி எது? ஒரு அஞ்சலட்டையில் எழுதிப் போடுங்கள். திட்டியிருந்தாலும் அடுத்த இதழில் போடுகிறேன்.