ஃபார்ம் 4 பசங்களுக்கு இனம், அடையாளம் பத்தின பழைய கட்டுரைய எப்படி சொல்லிக் கொடுக்கறது?

நீங்க கேட்டது அமெரிக்க கறுப்பின எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன் 1928ல எழுதுன 'How It Feels to Be Colored Me' கட்டுரைய பத்தி, அத கோலாலம்பூர் செந்தூல் டியூஷன்ல எடுத்தா பசங்க கொட்டாவி விடறாங்கன்னு. முதல்ல அமெரிக்க வரலாறு லெக்சர் குடுக்காதீங்க லா, பாதி பேரு அதுலயே தூங்கிடுவான். ஸ்கூல் பாரத்துல 'பங்சா'ன்னு, அதாவது இனம்னு, ஒரு கட்டம் இருக்குல்ல, நான் இந்தியன்னு எங்க இருக்கும்போது உறைக்குது, எங்க ஞாபகமே வரலன்னு கேளுங்க, வாய் தானா திறக்கும்.

அப்புறம் கட்டுரையில ஊரு, இடம் மாறுறதயெல்லாம் பென்சில்ல வட்டம் போடச் சொல்லுங்க. புளோரிடாவுல ஈட்டன்வில், முழுக்க கறுப்பினத்தவங்க ஊரு, அங்க அவங்க வெறும் சோரா தான், 13 வயசுல ஜாக்சன்வில் போய் இறங்குனதும் திடீர்னு ஒரு கறுப்புப் பொண்ணு ஆயிடறாங்க. ஏன்னு பசங்களே கண்டுபிடிக்கட்டும், நீங்க அவசரப்பட்டு சொல்லிடாதீங்க.

கடைசில வர்ற பைங்க உவமைக்கு தான் நிறைய நேரம் வைங்க. மனுஷங்கள பழுப்பு, வெள்ளை, சிவப்பு, மஞ்சள்னு பைங்களா சொல்றாங்க, தன்னோட பழுப்புப் பைய கொட்டுனா வைரம், உடைஞ்ச கண்ணாடி, துருப்பிடிச்ச கத்தி, காஞ்ச பூ, மத்ததுலயும் கிட்டத்தட்ட இதே தான், எல்லாத்தையும் ஒண்ணா கொட்டி திரும்ப அள்ளிப் போட்டாலும் பெருசா மாறாதுங்கறாங்க. 'அப்போ பை கலருக்கு ஏன் சார் இவ்ளோ பேச்சு'ன்னு எவனாச்சும் கேட்டா அந்தக் கேள்விய பிடிச்சுக்கோங்க. அடிமைக்காலம் தன்னை அழுத்தலன்னு அவங்க சொல்றது எனக்கே உறுத்தும், அதுல பசங்க சண்டை போடட்டும், ஆனா எந்த வரிய வச்சு பேசறான்னு விரல வச்சு காட்டணும்.