சாரலில் பார்த்த தோட்டத்தைச் சித்திரையில் போய்ப் பாருங்கள்

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் இருக்கிறோம். கணவர் வரும் மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். எனக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. மகள் மென்பொருள் நிறுவனத்து வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறாள். போன ஜூலையில் குற்றாலம் போனபோது தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் 40 சென்ட் தோட்டம் பார்த்தோம். கிணறு, தென்னை, சின்னதாக ஓட்டு வீடு. மனசு அங்கேயே நின்றுவிட்டது. தரகர் அட்வான்ஸ் கேட்கிறார். இங்கே வீட்டை விற்றுவிட்டு வாங்கலாமா?

பதில்: அட்வான்ஸ் இப்போது கொடுக்காதீர்கள் அம்மா, மடிப்பாக்கம் வீட்டையும் விற்க வேண்டாம். வராதீர்கள் என்று சொல்லவில்லை. நானே 12 வருடத்துக்கு முன்னால் தாம்பரத்திலிருந்து இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவன்தான், நிலப் பத்திரம் பார்த்துக் கொடுப்பது தொழில், திரும்பிப் போகும் எண்ணம் ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் வந்த வேகத்தில் வாங்கிவிட்டு இரண்டாவது கோடையில் விற்க ஆள் தேடும் குடும்பங்களை வருடா வருடம் பார்க்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போல ஜூலையில் பார்த்தவர்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் இறங்கும்போது தென்காசி வட்டாரத்தில் எந்த நிலமும் அழகாகத்தான் இருக்கும். அதே தோட்டத்தை ஏப்ரல் கடைசியில் மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, மோட்டார் போட்டால் எவ்வளவு நேரத்தில் தண்ணீர் தீர்ந்து காற்று வாங்குகிறது, மறுபடி ஊற எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேளுங்கள், தரகரிடம் கேட்காதீர்கள். ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு.

அதனால் என் யோசனை: அந்தக் கிராமத்திலோ பக்கத்துப் பெரிய ஊரிலோ ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். கணவர் மார்ச்சில் ஓய்வு பெறுகிறார் என்றால் சித்திரையிலேயே குடிபோங்கள், சாரல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கோடையைத் தாங்கினால் மற்ற மாதங்கள் பிரச்சினை இல்லை.

இனி பத்திரம். இதில்தான் பணம் போகும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தரகரிடம் முதலில் சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் கேளுங்கள். அதை வைத்து பட்டா, புலப்படம் (நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் வரைபடம்) இரண்டையும் வருவாய்த்துறை இணையதளத்திலும், வில்லங்கத்தை, அதாவது அந்த நிலத்தின்மேல் பதிவான கிரயம், அடமான விவரங்களை, பதிவுத்துறை இணையதளத்திலும் நீங்களே பார்த்துவிடலாம். 30 வருட வில்லங்கமாவது வேண்டும், விற்பவருக்கு நிலம் எப்படி வந்தது என்று காட்டும் பழைய தாய்ப்பத்திரமும் வேண்டும். பட்டா பல பேர் பெயரில் கூட்டுப்பட்டாவாக இருந்தால் விற்பவர் ஒருவரின் கையெழுத்து போதாது, அந்த 40 சென்ட் எந்தப் பக்கம் என்றே பின்னால் தகராறு வரும். அளந்து உட்பிரிவு செய்து தனிப்பட்டா ஆன பிறகு வாங்குங்கள். 1892-க்குப் பிறகு ஆங்கிலேயர் அரசு பட்டியல் சாதி மக்களுக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம், கோயில் நிலம், நீர்நிலைப் புறம்போக்கு, இவற்றில் எதுவாக இருந்தாலும் விலை எவ்வளவு குறைவு என்றாலும் தொடாதீர்கள். பஞ்சமி நிலத்தைப் பட்டியல் சாதி அல்லாதவர் வாங்குவது சட்டப்படி செல்லாது என்பது ஒரு பக்கம், அது இன்னொருவர் வாழ்வுக்காகக் கொடுத்த மண் என்பது இன்னொரு பக்கம்.

கிணறு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பத்திரத்தில் அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். எங்கள் பக்கம் ‘கிணற்றில் 4-ல் 1 பங்கு, முறைத் தண்ணீர் பாத்தியதை உள்பட’ என்று ஒரு வரி வரும். அப்படியென்றால் கிணறு உங்கள் தோட்டத்துக்குள் இருந்தாலும் தண்ணீர் நாலு வீட்டுச் சொத்து, உங்கள் முறை வரும்போதுதான் மோட்டார் போடலாம். போன வருடம் ஒருவர் கிரயம் முடித்து இரண்டாம் வாரம் காலையில் மோட்டார் போட, பக்கத்துப் பெரியவர் வந்து ‘தம்பி, இன்னைக்கு எங்க முறைல்லா’ என்று நிதானமாகச் சொன்னார். அந்த வரியை அதற்கு முன் யாரும் அவருக்குப் படித்துக்காட்டவே இல்லை. அதே மாதிரி வண்டிப்பாதை. நீங்கள் கார் ஓட்டிப் போன பாதை புலப்படத்தில் இருக்கிறதா, இல்லை யாரோ ஒருவர் வயல் வழியாகப் பழக்கத்தில் விட்டிருக்கிறாரா?

கிணற்று மோட்டாருக்கு இலவச விவசாய மின்சாரம் இருந்தால் அதிலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுப்பது குற்றம், அபராதம் வரும். ஓட்டு வீட்டுக்குத் தனி இணைப்பும் ஊராட்சியில் கட்டிய வீட்டு வரி ரசீதும் இருக்கிறதா என்று கேளுங்கள். நிலம் நஞ்சை என்றால் புதிதாக வீடு கட்ட அனுமதி வாங்குவது லேசில்லை. செலவுக் கணக்கில் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். மலை ஓரமாக, வடகரை மேக்கரை பக்கம் என்றால் யானை இறங்கித் தென்னையைச் சாய்ப்பதும் உண்டு, அதையும் ஊரில் விசாரியுங்கள்.

மகள் வேலை. பைபர் இணைப்பு இப்போது பல கிராமங்களுக்கு வந்துவிட்டது, கேபிள்காரரே கொடுக்கிறார். பிரச்சினை மின்தடை. மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு நாள் காலை 9 மணிக்குப் போனால் மத்தியானம் தாண்டித்தான் வரும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் அன்று நெட் போய்விடும், ஏனென்றால் நடுவில் கேபிள்காரரின் பெட்டிக்குப் பேட்டரி இருக்காது. அவரிடம் அதைத்தான் கேட்க வேண்டும், வேகம் எவ்வளவு என்று கேட்பது அப்புறம். கூடவே வேறு இரண்டு சிம்களை வீட்டுக்குள் வைத்து மீட்டிங் நேரத்தில் சோதித்துப் பார்க்கட்டும்.

உங்கள் உடம்பு. சர்க்கரைக்கு மாத்திரையும் பரிசோதனையும் தென்காசியிலேயே கிடைக்கும், மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. நெஞ்சுவலி என்றால் பெரிய சிகிச்சைக்குத் திருநெல்வேலி, தென்காசியிலிருந்தே 55 கிலோமீட்டர். வாடகைக்கு இருக்கும்போது ஒருநாள் ராத்திரி அந்தக் கிராமத்திலிருந்து காரில் போய் நேரம் பாருங்கள். உங்கள் கணவரால் ராத்திரி அவ்வளவு தூரம் ஓட்ட முடியுமா என்பதும் அன்றைக்குத் தெரிந்துவிடும். இரவில் முற்றத்துக்கு இறங்கும்போது டார்ச் கையில் இருக்க வேண்டும், பாம்பு கடித்தால் கட்டுப் போட்டுக்கொண்டு நிற்காமல் நேராக அரசு மருத்துவமனை.

அமைதி தேடி வருகிறீர்கள், சரி. கோயில் கொடை, அதாவது ஊர்த் திருவிழா வந்தால் மூன்று நாள் குழாய் ஒலிபெருக்கி அலறும், கோயில் வரிக்கு வீடு தேடி வருவார்கள், மகிழ்ச்சியாகக் கொடுங்கள். நீங்கள் எந்த ஊர், என்ன ஆட்கள் என்று முதல் வாரத்திலேயே கேட்பார்கள். தெருக்களே சாதி பார்த்துப் பிரிந்திருக்கும் ஊர்கள் இன்னமும் உண்டு. இது எனக்கு வலிக்கும் விஷயம், ஆனால் மறைத்து உங்களை வரச்சொல்ல முடியாது. உங்களால் எல்லாத் தெருவிலும் தண்ணீர் வாங்கிக் குடித்துப் பழக முடியும் என்றால் ஊர் உங்களைக் கவனித்துக்கொள்ளும். நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தது மூன்று தெரு தள்ளி இருக்கும் அக்கா.

தரகரிடம் இன்றைக்கே சர்வே எண்ணும் தாய்ப்பத்திர நகலும் கேளுங்கள். அட்வான்ஸ் கொடுத்தால்தான் காட்டுவேன் என்றால் அந்தத் தோட்டத்தை விட்டுவிடுங்கள். கொடுத்துவிட்டால் வில்லங்கம் போட்டு அனுப்புங்கள், வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.