கரையில் இருக்கும் நாட்களில்தான் பயமாக இருக்கிறது

கேள்வி: பாம்பனில் விசைப்படகில் கடலுக்குப் போகிறேன், வயது 36. பதினைந்து வருடக் குடி. மீன்பிடித் தடைக்காலம் இரண்டு மாதமும் தினமும் குடித்தேன், மகள் என்னோடு பேசுவதையே விட்டுவிட்டாள். படகு மறுபடி இறங்கிய அன்று நிறுத்தினேன். முதல் இரண்டு நாள் வலை இழுக்க முடியாத அளவுக்குக் கை நடுங்கியது. இன்றோடு 19 நாள். கரைக்கு வந்து பங்குக் காசு கைக்கு வரும்போதுதான் பயமாக இருக்கிறது. குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டம் உண்டு என்கிறார்கள். எங்கே போய்க் கேட்பது, பணம் கட்டணுமா, ஊருக்குத் தெரிந்துவிடுமா?
- பெயர் வேண்டாம், பாம்பன்

பதில்: தம்பி, 19 நாள் என்று எண்ணி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதைப் படித்ததும் மனசு நிறைந்துபோனது.

நீங்கள் கேட்பது ஏ.ஏ. கூட்டம், அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். கட்டணம் கிடையாது. குடியை விடணும் என்ற ஆசை இருந்தால் போதும், வேறு தகுதி எதுவும் கேட்க மாட்டார்கள். வீட்டுப் பெயர், ஊர், படகு எதையும் சொல்ல வேண்டியதில்லை, அங்கே பேசுவதை வெளியே பேசக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். அப்படியும் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் தெரிந்த முகம் வந்துவிடுமோ என்று கூச்சமாக இருந்தால் ராமநாதபுரத்திலோ மதுரையிலோ நடக்கும் கூட்டத்துக்குப் போங்கள். எந்த ஊர்க்காரர் எந்த ஊர்க் கூட்டத்துக்குப் போனாலும் ஏன் இங்கே வந்தாய் என்று கேட்க ஆள் கிடையாது.

தேடுவதற்கு முதலில் 14446க்கு போன் செய்யுங்கள். போதைப் பழக்கத்துக்கென்றே மத்திய அரசு நடத்தும் இலவச எண். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் விசாரிக்கலாம். பல ஊர்களில் இந்தக் கூட்டங்கள் சர்ச் ஹாலிலோ பள்ளிக்கூட அறையிலோதான் நடக்கின்றன, அதனால் உங்கள் பக்கத்து ஃபாதரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். இடம் சர்ச்சாக இருந்தாலும் இது மதக் கூட்டம் கிடையாது, எல்லா மதத்துக்காரர்களும் வருவார்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி, தமிழில் நடக்கிறதா என்று கேட்டுவிட்டு, கிளம்பும் அன்றும் ஒரு தடவை போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பஸ் பிடித்துப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவன் மறுபடி கிளம்புவது கஷ்டம்.

என் அண்ணனோடு மதுரையில் ஒரு கூட்டத்துக்கு நானும் போயிருக்கிறேன், குடும்பத்தாரும் வரலாம் என்ற திறந்த கூட்டம் அது. ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று ஆரம்பித்துத் தன் கதையைச் சொன்னார்கள். யாரும் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. அண்ணன் கதவோரம் உட்கார்ந்தான், முதல் நான்கு கூட்டத்தில் வாயே திறக்கவில்லை, ஐந்தாவதில்தான் அழுதுகொண்டே பேசினான். நீங்களும் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் வெளியே வரும்போது இரண்டு பேர் போன் நம்பரையாவது வாங்கிக்கொண்டு வாருங்கள். காசு கைக்கு வந்ததும் கால் கடைப் பக்கம் இழுக்குமே, அந்த நேரத்துக்குத்தான் அந்த நம்பர். முடிந்தால் பங்கை வீட்டுக்காரம்மா கணக்கில் போடச் சொல்லி ஓனரிடம் பேசிவிடுங்கள். கூட்ட நாளும் கடல் நாளும் ஒன்றாக விழுந்தால், கரைக்கு வந்தபிறகு போனிலேயே ஆன்லைன் கூட்டத்தில் உட்காரலாம்.

அந்தக் கை நடுக்கத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகணும். வருடக்கணக்காகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அடுத்த இரண்டு நாளில் மனம் குழம்பி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதுவும் நடுக்கடலில்! நீங்கள் தப்பித்தது எனக்கு நிம்மதி. ஒருவேளை சறுக்கிவிட்டால் தனியாக நிறுத்தாதீர்கள், டாக்டர் கண்பார்வையில் நிறுத்துங்கள், சில நாள் மாத்திரையும் பி1 வைட்டமினும் கொடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். கட்டிப்போட்டு, அடைத்துவைத்துத் திருத்துகிறோம் என்கிற இடங்களை நம்பவே வேண்டாம். நம்ம ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கிடந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் செத்துப்போனார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது.

பக்கத்தில் கூட்டமே இல்லை என்று தெரியவந்தாலும் விட்டுவிடாதீர்கள். 1935இல் அமெரிக்காவில் ஏ.ஏ. தொடங்கியதே இரண்டு குடிநோயாளிகள் உட்கார்ந்து பேசியதில்தான். கூட்டத்தைப் பற்றிச் சொன்னவரைப் போய்ப் பாருங்கள், அவரும் விட்டவராக இருக்கலாம்.

கேள்வி: குடியை நிறுத்த, கணவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்க மாத்திரை இருக்கிறதாமே, கொடுக்கலாமா?
- ஒரு மனைவி, தொண்டி

பதில்: வேண்டாம்மா. பெரும்பாலும் அது டைசல்ஃபிராம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் வாந்தி, படபடப்பு வரும், ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கி உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அந்த ஆபத்து உண்டு. குடிப்பவர் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் சொல்லிச் சாப்பிட வேண்டிய மருந்து அது. அவர் இன்னும் மசியவில்லை என்றால் நீங்கள் முதலில் போங்கள். குடிநோயாளிகளின் வீட்டாருக்கென்றே அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு, கணவர் குடியை விட்டால்தான் வரணும் என்பதில்லை. ராத்திரி தூக்கம் வராமல் தவிக்கும்போது 14416க்குக் கூப்பிடுங்கள், அரசின் இலவச மனநல எண், எந்நேரமும் தமிழில் பேசலாம்.