தண்ணீர் இருந்தும் ரஸ்தாளி வாடுவது ஏன்?

அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி ஒடிந்து தொங்குகின்றன, ஈரம் இருந்தும் வாழை வாடுகிறது என்கிறீர்கள். ரஸ்தாளியை எளிதில் தாக்கும் பனாமா வாடல் நோய் என்றே தோன்றுகிறது. ஒரு மரத்தின் கிழங்கைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். செம்பழுப்பில் புள்ளியும் கோடும் தெரிந்தால் அதுதான்.

இந்த நோயை உண்டாக்கும் ஃபுசேரியம் பூஞ்சை வேர் வழியாக நுழையும்போது பெக்டினேஸ், செல்லுலேஸ் போன்ற நொதிகளைச் சுரக்கும். செல்களை ஒட்டிவைக்கும் பசை பெக்டின் (ஜாம் உறைவதும் இதனால்தான்). நொதி அதைக் கரைக்க, அந்தக் கசடும் பூஞ்சை இழையும் நீர்க்குழாயை அடைக்கின்றன. போதாததற்கு, பூஞ்சையைத் தடுக்க வாழையே சுரக்கும் பிசினும் அதே குழாயில்தான் சேர்கிறது. பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் தண்ணீர் இலைக்கு எப்படி ஏறும்?

அதனால் கூடுதலாகத் தண்ணீர் விடாதீர்கள். வழிந்தோடும் நீர் நோயைப் பக்கத்து மரத்துக்குக் கொண்டுபோகும். வாடியதைக் கிழங்கோடு தோண்டி எரித்துவிட்டு, குழிக்கு ஒன்றிரண்டு கிலோ சுண்ணாம்பு போடுங்கள். மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த மரத்துக்குப் போகாதீர்கள். அந்தத் தோட்டத்துக் கன்று வேண்டவே வேண்டாம். பூஞ்சை வித்து மண்ணில் பல்லாண்டு கிடக்கும், அடுத்த நடவுக்கு இந்த நோயைத் தாங்கும் பூவன் போடுவதுதான் நல்லது.